கார்மேகத்தின் கை

சாத்தூரில் ஒரு குரு இருந்தார். பெயர் ரெஜினா. ஆசிரமமெல்லாம் கிடையாது. காராச்சேவுக் கடைக்கு மேல் மாடியில் ஒரு ரெக்கார்டிங் அறை, அவ்வளவுதான். கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் உள்ளே வராது. சேவு வாசம் மட்டும் வரும்.

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்தொன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தெரிந்தவர் குரு, தெரியாதவர் சீடர்.

சீடர் பெயர் கார்மேகம். மாடி ஏறுவதற்கு முன்பு மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வலது கையை வால்யூம் குமிழ் மேலேயே வைத்திருப்பார். பேசுகிறவர் கத்தினால் கை குறைக்கும். முணுமுணுத்தால் கை ஏற்றும். அவர் யோசிக்கக்கூட வேண்டாம். தூக்கத்தில்கூட அந்தக் கை லேசாகத் திரும்பும் என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அடுத்தவர் செய்த பாட்டையே ஆயுசு முழுக்கப் போட்டாயிற்று, ஒரு பாட்டையாவது நாமே செய்து பார்த்துவிட வேண்டும் என்று ஒருநாள் அவருக்குத் தோன்றியது. செட்டைச் சித்தப்பா மகன் சங்கரலிங்கத்திடம் ஒப்படைத்தார். நேராகப் போய் ரெஜினாவின் முன்னால் நின்றார். ரெஜினா அவரை அண்ணே என்று கூப்பிட்டார். கார்மேகம் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார். இரண்டு பேரும் அதை மாற்றிக்கொள்ளவே இல்லை.

அந்த அறையில் கார்மேகத்துக்கு உடனே பிடித்துப்போனது ஒரே ஒரு பெட்டி. கம்ப்ரஸர். மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். பெரிய சத்தம் வந்தால் அமுக்கும். பெரியதை அமுக்கிவிட்டால் மொத்தத்தையும் கொஞ்சம் தூக்கிவிடலாம், அதனால் சின்னச் சத்தமும் முன்னால் வந்து நிற்கும். அதன் கடைசிக் குமிழ் லிமிட்டர். அது சுவர். அந்தச் சுவரைத் தாண்டி எந்தச் சத்தமும் மேலே போக முடியாது.

என் கையை வெட்டி உள்ளே வைத்து மூடியிருக்கிறார்கள் என்றார் கார்மேகம். சரியாகத்தான் சொன்னார்.

ஆனால் கைக்குத் தானாகவே அளவு தெரியும். பெட்டிக்குக் குமிழைத் திருப்பி அளவைச் சொல்ல வேண்டும். அதனால் தினமும் கேட்டார்.

"மாஸ்டர், எவ்வளவு அமுக்கணும்?"

"பாட்டைக் கேளுங்கண்ணே."

தினமும் இதே பதில். கார்மேகத்துக்கு எரிச்சலாக வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத குருவைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். நம்பரைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

குரு சொல்லாததால் சீடரே முடிவு செய்தார். ஏற்கெனவே பதிந்து வைத்திருந்த ஒரு பஜனைப் பாட்டை எடுத்து, பெட்டி வழியாகத் திரும்ப ஓட்டி, அமுக்கக்கூடிய மட்டும் அமுக்கித் தூக்கிவிட்டார். ஆர்மோனியம், கஞ்சிரா, பாடுகிறவர் குரல், அவர் மூச்சு வாங்குவது, நாற்காலி கிரீச்சிடுவது எல்லாம் ஒரே வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன. கார்மேகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாமே காதுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது பாருங்கள் மாஸ்டர் என்றார்.

ரெஜினா மறுநாள் காலையிலிருந்து ஒரு மாதிரி பேச ஆரம்பித்தார். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரயில்வே ஸ்டேஷனில் வண்டி எண் வாசிக்கிற மாதிரி.

"அண்ணே, டீ வந்திருக்கு."

"சரி மாஸ்டர்."

"அண்ணே, ஃபேனைக் கொஞ்சம் குறைங்க."

"சரி மாஸ்டர்."

"அண்ணே, உங்க வேட்டி சால்டரிங் அயன் மேல கிடக்கு."

"சரி மாஸ்டர்."

அறுந்த ஒயரைப் பற்றவைப்பதற்காகச் சூடுபோட்டு வைத்த கம்பி அது. கார்மேகம் டீயைக் குடித்துக்கொண்டே, கீழே கடையில் சேவு தீய்கிறது என்று நினைத்தார். பிறகு முழங்காலுக்குக் கீழே சுட்டது. எகிறிக் குதித்தார். வேட்டியில் வட்டமாக ஓர் ஓட்டை.

"கத்திச் சொல்லக் கூடாதா மாஸ்டர்?"

"சொன்னேனேண்ணே."

"டீ வந்திருக்குன்னு சொன்ன மாதிரியே இதையும் சொன்னா எப்படி?"

"காதுக்குப் பக்கத்துலதானே சொன்னேன்?"

கார்மேகம் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார். அன்றைக்கே அந்தப் பாட்டில் போட்ட அமுக்கலையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்தார். கொஞ்சம்கூட மிச்சம் வைக்கவில்லை. அவருக்கு நடுவில் நிற்கவே தெரியாது.

ரெஜினா அந்தப் பாட்டைப் போனில் ஏற்றி, அவரையும் கூட்டிக்கொண்டு கீழே சேவுக் கடைக்குப் போனார். அடுப்பு இரைந்துகொண்டிருந்தது. போனைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். பல்லவி முடிந்து கஞ்சிரா அடி விழுந்தபோதுதான் பாட்டு ஓடுவதே கடைக்காரருக்குத் தெரிந்தது. இப்போதான் போட்டீங்களா என்று கேட்டார்.

படியேறும்போது கார்மேகம் கேட்டார், அப்போ எவ்வளவுதான் மாஸ்டர் என்று.

பாட்டைக் கேளுங்கண்ணே என்றார் ரெஜினா.

*

இப்போது சுப்புத்தாய் வர வேண்டும்.

ஓடைக்கரைப்பட்டி சாத்தூருக்குப் பக்கத்து ஊர். பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு அந்த ஊர்ப் பெண்கள் முளைப்பாரி எடுப்பார்கள். பயறு வகைகளைச் சட்டியில் விதைத்து, இருட்டு அறையில் முளைக்கவைத்து, வளர்ந்ததும் தலையில் தூக்கிக்கொண்டு காளியம்மன் கோயிலுக்கு வருவார்கள். வாசலில் சட்டிகளை இறக்கி வைத்துச் சுற்றிலும் கும்மி. சுப்புத்தாய் ஓர் அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் அதை வாங்கிப் பாடிக்கொண்டே சுற்றுவார்கள். ஒரு சுற்று முடிந்தால் குலவை. நாக்கைச் சுழற்றி அத்தனை பேரும் ஒரே மூச்சில் எழுப்புகிற சத்தம். அதைக் கேட்டுத்தான் அம்மனுக்கே மனம் குளிரும் என்று அந்த ஊரில் நம்பிக்கை.

அந்த ஊர்ப் பொங்கலுக்கு வருஷா வருஷம் கார்மேகத்தின் மைக் செட்தான். சுப்புத்தாய் பாடும்போது ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். சுற்று முடிந்து பெண்கள் மூச்சை இழுத்தால் போதும், அவர் கை சரேலென்று குமிழைக் குறைத்துவிடும். குறைக்காவிட்டால் குழாய் ஸ்பீக்கர் கிழிந்துவிடும் என்று பயம். பாதிக் குலவைதான் ஊருக்குக் கேட்கும். எங்கள் குலவையைக் கண்டால் உங்கள் கைக்கு ஆகாதா அண்ணே என்று சுப்புத்தாய் வருஷா வருஷம் கேட்பார். கார்மேகம் வருஷா வருஷம் பல்லைக் காட்டுவார்.

இந்த வருஷம் சுப்புத்தாய் கழுத்தில் ஒரு கட்டி. பயப்பட ஒன்றுமில்லை, எடுத்துவிட்டால் சரியாகிவிடும், ஆனால் ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாளைக்குப் பாடக் கூடாது, பேசவே கூடாது என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். பொங்கல் அந்தக் கொஞ்ச நாளுக்குள் வந்தது. சுப்புத்தாய் அடி எடுத்துக் கொடுக்காமல் கும்மி நகராது. ஒரு வருஷம் அவர் ஊரில் இல்லாதபோது மற்றவர்கள் முயன்று பார்த்தார்கள். ஆளுக்கொரு பாட்டை எடுத்து, ஒருத்தி மேல் ஒருத்தி முட்டி, கடைசியில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்கள். முளைப்பாரி வாடியதுதான் மிச்சம்.

அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் பாட்டைப் பதிந்து வைத்துவிடலாம் என்று பெண்கள் ஒரு வேனில் ஏறி வந்தார்கள். சீக்கிரமே முளைக்கவைத்த ஒரு பாரிச் சட்டியையும் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்க்காமல் பாட்டு வராதாம். ரெக்கார்டிங் அறைக்கு நடுவில் அதை வைத்தார்கள்.

சுப்புத்தாய் கார்மேகத்தைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, நான் பாடுற மாதிரியே ஊருக்கு வருமா?"

"ஒரு பொட்டுக் குறையாதும்மா. என் பொறுப்பு."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ரெஜினா, அப்படியென்றால் இந்தப் பாட்டு உங்களுடையதுதான் அண்ணே, நீங்களே என் நாற்காலியில் உட்காருங்கள் என்றார். கார்மேகம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான். உட்கார்ந்ததும் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

பெண்கள் வட்டமாக நின்று பார்த்தார்கள். ஓர் ஆள் குறைந்தது. நானும் கும்மிக்கு வருகிறேன் என்று ரெஜினா செருப்பைக் கழற்றிவிட்டார். மைக்குகளைத் தூரத்தில் நிறுத்தினார். கம்ப்ரஸரில் எதையும் அமுக்காமல், சத்தத்தின் அளவைக் காட்டுகிற முள் பாதியைத் தாண்டாதபடி வைத்தார். உள்ளே போகும் முன்பு கார்மேகத்திடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"நிறைய இடம் விட்டு வச்சிருக்கேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இருங்கண்ணே."

அது ஒன்றைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கார்மேகம் செய்திருப்பார்.

பாட்டு ஆரம்பித்தது. சுப்புத்தாய் குரல் பெரிய குரல் இல்லை. பக்கத்து வீட்டில் யாரிடமோ செய்தி சொல்கிற மாதிரி இருக்கும். ஆனால் காதை அந்தப் பக்கம் திருப்பாமல் இருக்க முடியாது. இருட்டுக்குள் இருந்த பயறைத் தட்டி எழுப்பி, தண்ணீர் குடித்தாயா என்று கேட்டு, வெளியே வந்து வெயிலைப் பார் என்று கூப்பிடுகிற பாட்டு. பெண்கள் அடியை வாங்கிச் சுற்றினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரெஜினா தப்புத் தப்பாகக் கை தட்டிக்கொண்டு சுற்றினார். கார்மேகத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

சுற்று முடிந்தது. பெண்கள் மூச்சை இழுத்தார்கள்.

அந்த மூச்சைக் கார்மேகத்தின் கைக்கு நன்றாகத் தெரியும். கை போய் லிமிட்டர் குமிழைப் பிடித்து ஒரே திருகாக மூடியது. குலவை வந்தது. பெட்டியில் முள் இருந்த இடத்தைவிட்டு மேலே ஏறவே இல்லை. நல்லவேளை தப்பித்தோம் என்று கார்மேகம் பெருமூச்சு விட்டார்.

பாட்டு முடிந்ததும் எல்லோருக்கும் ஒரே வியர்வை, ஒரே சிரிப்பு. கீழே போய்ச் சேவு வாங்கித் தின்றுவிட்டு வேன் ஏறினார்கள். மறுநாள் சுப்புத்தாய் மதுரைக்குப் போனார்.

*

அதே மறுநாள் குருவும் சீடரும் பாட்டைப் போட்டுக் கேட்டார்கள்.

சுப்புத்தாய் குரல் அப்படியே இருந்தது. மெல்லிய குரல், சுவர் வரைக்கும் ஏறவே இல்லை, தப்பித்துக்கொண்டது. கும்மிக் கையும் நன்றாக விழுந்திருந்தது. பிறகு குலவை வந்தது.

நாலு வீடு தள்ளி யாரோ குக்கர் வைத்த மாதிரி வந்தது.

கார்மேகம் பின்னால் தள்ளித் திரும்பவும் போட்டார். குக்கர். அடுத்த சுற்றின் முடிவைப் போட்டார். குக்கர். எல்லாச் சுற்றும் அப்படித்தான். ரெஜினா பெட்டியைப் பார்த்தார். லிமிட்டர் குமிழ் அடியோடு மூடிக் கிடந்தது.

"எப்போ மூடுனீங்க?"

"நான் மூடலை மாஸ்டர். கை."

இதைத் திறந்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டார். கேட்கும்போதே பதில் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

"பாட்டு உள்ள வந்த பிறகு அமுக்குனா, வேண்டாம்னா எடுத்துரலாம். வரும்போதே அமுக்கிட்டீங்க. குலவை உள்ள வரவே இல்லைண்ணே."

கார்மேகம் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். என் பொறுப்பு என்று சொன்னது காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அந்தக் குரலுக்கு எந்த லிமிட்டரும் இல்லை. ரெஜினா திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ரெஜினா தன் டீயில் பாதியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தார். பாட்டு இன்னமும் உங்களுடையதுதான் அண்ணே என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

புதுக் குலவை ஒன்று வாங்கி வந்து அந்த இடங்களில் வைத்துவிடலாம் என்று கார்மேகம் முடிவு செய்தார். மோசமான யோசனை இல்லை. ஆனால் ஓடைக்கரைப்பட்டியில் அதற்குள் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பெண்கள் மாடிக்கு வர முடியாது. அதனால் கார்மேகம் ஒரு கையடக்க ரெக்கார்டரையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

பெண்கள் பாரிக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். சுப்புத்தாயின் நாத்தனார் குருவம்மாவும் இருந்தார். குருவம்மா வாய்க்கு அந்த ஊர்ப் பஞ்சாயத்தே பயப்படும். கார்மேகம் ஒளிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார்.

"வருஷா வருஷம் பாதியாக் குறைப்பீங்க. இந்த வருஷம் மொத்தமா முடிச்சு வச்சிட்டீங்களாக்கும்" என்றார் குருவம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். கார்மேகமும் சிரித்தார், வேறு என்ன செய்வது. ஒரே ஒரு குலவை போடுங்கள், பிடித்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று ரெக்கார்டரை நீட்டினார். யாருக்கும் வரவில்லை. ஒருத்தி வாயைத் திறந்தாள், பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தும்மச் சொன்னால் தும்மல் வருமா, பாட்டைப் போடுங்கள், அந்த இடம் வந்தால் தானாக வரும் என்று குருவம்மா சொன்னார்.

போட்டார். சுப்புத்தாய் குரல் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலை ஆடியது. கை தானாகத் தட்டியது. சுற்று முடிந்தது. பெண்கள் மூச்சை இழுத்தார்கள். ஸ்பீக்கரிலிருந்து குக்கர் கூவியது. இழுத்த மூச்சு அப்படியே நின்றது. திறந்த வாய்கள் மூடிக்கொண்டன. பாட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது.

அடுத்த சுற்றிலும் அதேதான்.

"ஏம்மா போடலை?"

"எங்கண்ணே போடுறது? அங்கதான் ஏற்கெனவே ஒண்ணு நின்னுக்கிட்டு இருக்கே."

கார்மேகம் வெறும் ரெக்கார்டரோடு திரும்பி வந்தார். குருவம்மா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் குருவிடம் சொன்னார். ரெஜினா சிரிக்க ஆரம்பித்தார். கதவு திறந்திருந்தது. என்ன ஆச்சு என்று கீழே கடையிலிருந்து கேட்டார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

கார்மேகம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பாட்டை எடுத்தார். குக்கர் வருகிற முதல் இடத்தை வெட்டினார். அந்த நேரத்தை அப்படியே விட்டார். அதில் எதையும் வைக்கவில்லை. அடுத்த இடத்தையும் வெட்டினார். எல்லாவற்றையும் வெட்டினார். வெட்டி முடித்துப் போட்டுக் கேட்டபோது அவருக்கே பயமாக இருந்தது.

"மாஸ்டர், நடுவுல நடுவுல ஓட்டையா இருக்கே."

"உங்க வேட்டிலயும்தான் இருக்கு. காத்து நல்லாத்தானே வருது?"

அன்றைக்கு அவர் அதே வேட்டியைத்தான் கட்டியிருந்தார்.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. பாட்டை முடிக்கும்போது மொத்தச் சத்தத்தையும் எங்கே நிறுத்துவது என்று பார்க்க வேண்டும். கார்மேகம் சுவர் வரைக்கும் தூக்கிவிட நினைத்தார். பொங்கலுக்கு ராட்டினக்காரன் வருவான், அவன் ஸ்பீக்கர் பெட்டி வைத்துப் பாட்டுப் போடுவான், பலூன்காரன் பீப்பீ ஊதுவான், அதற்கு நடுவில் சுப்புத்தாய் குரல் எழும்ப வேண்டாமா என்றார். நியாயமான கேள்வி.

ரெஜினா அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போனார். கடையின் முன்பக்கம் இல்லை, பின்னால், அடுப்புக்கு. பெரிய சட்டி. எண்ணெய் பாதிக்கும் கீழேதான் இருந்தது. கார்மேகம் மாதக்கணக்கில் அந்தச் சேவைத் தின்கிறார், சட்டிக்குள் எட்டிப் பார்த்ததில்லை. மாவைத் தேய்த்து விட்டதும் எண்ணெய் உறுமிக்கொண்டு நுரைத்து மேலே வந்தது. விளிம்புக்கு ஒரு விரல் இருக்கும்போது நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே கூத்தாடியது. பிறகு இறங்கியது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன் மாஸ்டர்."

"சேவு வேணுமா?"

"வேண்டாம் மாஸ்டர். மாடிக்குப் போவோம்."

சுப்புத்தாய் ஒவ்வோர் அடியின் கடைசியிலும் குரலை விழுங்குவார். அந்தக் கடைசிச் சொல் தெருவில் கேட்காது. அதற்காகக் கார்மேகம் குரலை மட்டும், தலையைத் தடவுகிற மாதிரி, லேசாக அமுக்கி, கடைசிச் சொல்லை மேலே கொண்டுவந்தார். அதோடு நிறுத்தினார். மொத்தத்தையும் இறக்கி முள் பாதியில் ஆடும்படி விட்டார். எவ்வளவு என்று இந்தத் தடவை குருவிடம் கேட்கவில்லை.

*

பொங்கலன்று மத்தியானம் சாய்ந்த பிறகு முளைப்பாரி வந்தது. பச்சைப் பசேலென்று தலைக்கு மேல் அசைந்துகொண்டு வந்தது. கோயில் வாசலில் இறக்கி வைத்தார்கள்.

மைக் செட் சங்கரலிங்கத்துடையது. ஆனால் இந்தப் பாட்டுக்கு மட்டும் கார்மேகம் பழைய ஸ்டூலில் உட்கார்ந்தார். ரெஜினா ஸ்கூட்டியில் வந்து பக்கத்தில் நின்றார்.

சுப்புத்தாயைக் கோயில் தூண் ஓரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். கழுத்தில் வெள்ளைக் கட்டு. பேசக் கூடாது. கார்மேகம் அவர் முன்னால் போய் நின்று, உன் குரல் அப்படியே இருக்கிறதம்மா, குலவையைத்தான் கெடுத்துவிட்டேன் என்றார். சுப்புத்தாய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் வலது கையைச் சுட்டிக்காட்டினார். பிறகு சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

பாட்டைப் போட்டதும் சங்கரலிங்கம் முகத்தைச் சுளித்தான். பாட்டுக்கு என்ன உடம்பு சரியில்லையா அண்ணே, ராட்டினக்காரன் முன்னால் நிற்குமா, நான் ஏற்றவா என்று குமிழுக்குக் கையை நீட்டினான். கார்மேகம் அந்தக் கையில் ஓர் அடி போட்டார்.

ஒரு காரியம் நடந்தது. சரியாகக் கேட்காததால் எல்லோரும் கிட்டே வந்தார்கள். இது சுப்புத்தாய் குரல்தானே என்று ஒருத்தர் இன்னொருத்தரைக் கேட்டார். பேசிக்கொண்டிருந்தவர்களை மற்றவர்கள் அதட்டினார்கள். யாரோ போய் ராட்டினக்காரனிடம் ஒரு வார்த்தை சொன்னார்கள். அவன் பெட்டி நின்றது. பலூன்காரனும் பீப்பீயை இடுப்பில் செருகிவிட்டான்.

சுப்புத்தாய் குழாயிலிருந்து அடி எடுத்துக் கொடுத்தார். பெண்கள் வாங்கிப் பாடினார்கள். கும்மி நகர்ந்தது. குனிந்து, நிமிர்ந்து, கை தட்டி, சட்டிகளைச் சுற்றி முழு வட்டம் வந்தது.

சுற்று முடிந்தது. பாட்டு நின்றது.

ஒன்றுமே இல்லை. எங்கோ ஒரு சேவல் தப்பான நேரத்தில் கூவியது. போச்சு, ஊர்ப் பொங்கலில் ஓட்டையைப் போட்டுவிட்டோம் என்று கார்மேகம் நினைத்தார். தூண் ஓரத்தில் சுப்புத்தாய் நாற்காலியில் இருந்தபடியே இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

குலவை வந்தது.

முதலில் குருவம்மா. அப்புறம் வட்டம் முழுக்க. அப்புறம் வட்டத்துக்கு வெளியே நின்றவர்கள், பலூன் வாங்கிக்கொண்டிருந்தவர்கள், மொட்டைமாடியில் நின்றவர்கள், பொங்கல் பானைக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றவர்கள். கோபுரத்துப் புறாவெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பியது. இத்தனை வருஷத்தில் முழுக் குலவை எப்படி இருக்கும் என்று கார்மேகம் கேட்டதே இல்லை. அவர் கை கேட்க விட்டதில்லை.

இப்போதும் கை போய்விட்டது. குமிழைப் பிடித்துக் குறைத்தது. சத்தம் குறையவில்லை. இன்னும் திருகியது. குறையவில்லை. ஒரேயடியாக மூடியது. ஒரு துளி குறையவில்லை. கார்மேகம் குமிழைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஸ்டூலிலிருந்து எழுந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒயர் ஏதாவது கழன்றிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். சங்கரலிங்கம் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"குறைய மாட்டேங்குது மாஸ்டர்."

ரெஜினாவும் குலவை போட முயன்றுகொண்டிருந்தார். நாக்கு சரியாகச் சுழலவில்லை. நிறுத்திவிட்டு, மூடிக் கிடந்த குமிழைப் பார்த்தார். கார்மேகத்தின் காதுக்கு அருகில் குனிந்தார்.

"அது குறையாதுண்ணே. சீக்கிரம் ஏத்துங்க, குழாய்ல சுப்புத்தாய் அக்கா அடுத்த அடி எடுக்கப் போறாங்க."